கடற்கரைச் சூட்டில் வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஐஸ்கிரீம்: எங்கே தவறுகிறது?

கேள்வியின் சாரம் இது. இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிப் பக்கம் வீடு. ஒரு எருமை, ஒரு நாட்டுப் பசு. ஒரு மணி நேரம் கடைந்தாலும் வெண்ணெய் திரளாமல் மோரின் மேல் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. பன்னீர் கத்தி வைத்ததும் உதிர்கிறது. மீனுக்குப் போடும் ஐஸை வாளியில் கொட்டி, கடல் தண்ணியும் ஊற்றி, நடுவே பால் தூக்கை வைத்துச் சுழற்றியும் ஐஸ்கிரீம் உறையவில்லை. பாலில் குறையா, செய்முறையில் குறையா?

பாலில் குறை இல்லை. மூன்றும் கெட்டது சூட்டுக் கணக்கு தப்பியதால். புத்தகத்திலும் வீடியோவிலும் வருகிற செய்முறைகள் பெரும்பாலும் குளிர்ந்த ஊரில் எழுதியவை. அங்கே அடுப்படியின் சூடே 18, 20 டிகிரிதான். நம் கரையில் மே மாதம் விடியற்காலையில்கூட 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. வெண்ணெய்க்கு இந்தச் சூடு எதிரி, சீஸுக்கு இதே சூடு தோழன், ஐஸ்கிரீமுக்கோ இதை உப்பை வைத்துத்தான் வெல்ல வேண்டும்.

முதலில் வெண்ணெய். பாலில் கொழுப்பு சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொன்றையும் மெல்லிய தோல் ஒன்று மூடியிருக்கிறது. மத்து அந்தத் தோலைக் கிழிக்கிறது. கிழிந்த இடத்தில் ஒரு உருண்டை இன்னொன்றோடு ஒட்ட வேண்டுமானால் உள்ளே இருக்கும் கொழுப்பு பாதி உறைந்தும் பாதி இளகியும் இருக்க வேண்டும். முழுக்க உறைந்திருந்தால் ஒட்டாது. முழுக்க உருகியிருந்தால் ஒட்டினாலும் எண்ணெயாக வழியும். பால் கொழுப்பில் பெரும்பகுதி 30 டிகிரியில் உருகிவிடும். உங்கள் தயிர்ப்பானை அந்தச் சூட்டில்தான் இருந்திருக்கிறது. தயிரைக் கடைய 18 முதல் 22 டிகிரி வரை சரி. ஏடு மட்டும் எடுத்துக் கடைந்தால் 12 முதல் 15. தெர்மாமீட்டர் இல்லையென்றால் பானையின் வெளிப்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். ‘சில்’ என்று தெரிய வேண்டும், விரல் மரத்துப்போகக் கூடாது.

பாட்டிமார் மண்பானையில் ஈரத்துணி சுற்றி வைத்தது இதற்காகத்தான். ஆனால் அதிலும் ஒரு விஷயம் உண்டு. துணியில் உள்ள ஈரம் காய்ந்தால்தான் பானை குளிரும். மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று வறண்டு அடிக்கிற ஆனி, ஆடியில் இந்த வித்தை நன்றாகவே நடக்கும். கடல் காற்று ஈரத்தைச் சுமந்து வருகிற நாளில் துணி காயாது, பானையும் குளிராது. அப்படிப்பட்ட நாளில் மண்பானையை நம்பாமல் அகலமான அண்டாவில் ஐஸ் போட்டு அதற்குள் பானையை அரை மணி நேரம் இறக்கி வையுங்கள். ஐஸ் பானைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். மீன் ஐஸ் குடிக்கிற தண்ணியில் செய்ததாக இருக்கும் என்று நம்ப முடியாது; துண்டு ஒன்றுகூடத் தயிருக்குள் விழக் கூடாது.

முழு முறை இப்படி. பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உறைமோர் விடுங்கள். வெயில் காலத்தில் அரைக் கரண்டியே தாராளம். ஐந்து, ஆறு மணி நேரத்தில் உறைந்துவிடும். கட்டியாக உறைந்ததும் விட்டுவைக்காமல் குளிர வையுங்கள். நம் சூட்டில் இரவெல்லாம் கிடந்தால் தயிர் கடும் புளிப்பாகும், வெண்ணெயிலும் அந்த வாடை ஏறும். பானையில் பாதிக்கு மேல் தயிர் இருக்கக் கூடாது. ஐந்து லிட்டர் தயிருக்குப் பத்து, பன்னிரண்டு லிட்டர் பானை வேண்டும். கடையும்போது காற்று உள்ளே புகுந்து நுரைத்து, அந்த நுரை உடைகிற இடத்தில்தான் கொழுப்பு சேர்கிறது. நிறைந்த பானையில் அதற்கு இடமில்லை. தயிர் மிகவும் கெட்டியாக இருந்தால் காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டிய தண்ணீர் கால் பங்கு சேருங்கள்.

கயிறு கட்டிய மரமத்து என்றால் இருபதிலிருந்து முப்பது நிமிடம். காது கொடுத்துக் கேட்டால் நிலைமை தெரியும். முதலில் தளதளவென்ற சத்தம். பிறகு நுரை ஏறி மத்து கனக்கும், சத்தம் அடங்கும். அப்புறம் திடீரென்று மத்து இலேசாகிச் சளசளவென்று தண்ணீர்ச் சத்தம் வரும். அந்த நொடியில் மத்தைத் தூக்கிப் பார்த்தால் கேழ்வரகு அளவில் மணிமணியாக ஒட்டியிருக்கும். அங்கேயே வேகத்தைக் குறைத்து, குளிர்ந்த தண்ணீர் ஒரு சொம்பு விட்டு, பத்து இருபது இழுப்பு மட்டும் இழுத்து நிறுத்துங்கள். ‘வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது’ என்பார்கள். தாழி உடையாமலே காரியம் கெடுகிற இடம் இதுதான். இன்னும் கொஞ்சம் வரட்டுமே என்று கடைந்துகொண்டே போனால் மணிகள் ஒரே உருண்டையாகி மோரை உள்ளே சிறைப்பிடித்துவிடும். பிறகு எத்தனை தடவை கழுவினாலும் அது வெளியே வராது. அந்த மோர்தான் மூன்றாம் நாள் வெண்ணெயை நாற வைப்பது.

வெறும் நுரையாகவே பொங்கி மணி கட்டவில்லையென்றால் அதிகமாகக் குளிர்ந்துவிட்டது என்று பொருள். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கரண்டி விட்டுக் கடையுங்கள். உங்களுக்கு வந்ததுபோல் எண்ணெயாக மிதந்தால் கடைவதை நிறுத்திவிட்டுப் பானையை ஐஸில் அரை மணி நேரம் வைத்து, மறுபடி மெதுவாகக் கடையுங்கள். சேரும், ஆனால் பிசுபிசுப்பாக இருக்கும், தின்ன ருசிக்காது. அதை நெய்யாக உருக்கிவிடுவதே மேல்.

கழுவுவதற்குக் கிணற்று உப்புத்தண்ணி வேண்டாம். இரும்புச் சத்து உள்ள தண்ணீர் பட்டால் வெண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். ஈயம் போன பித்தளைப் பாத்திரமும் அதையேதான் செய்யும். குடிக்கிற தண்ணியைக் காய்ச்சிக் குளிரவைத்து, இரண்டு மூன்று முறை, கழுவிய தண்ணீர் தெளிவாக இறங்கும்வரை கழுவுங்கள். பிறகு மரக்கரண்டியால் அழுத்தி, உள்ளே நிற்கும் நீர்த்துளிகளைப் பிழிந்தெடுங்கள். வைத்துச் சாப்பிடுவதென்றால் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் பொடியுப்பு பிசைந்து வையுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? எருமைப்பாலில் கொழுப்பு 7 விழுக்காடு என்றால் ஐந்து லிட்டரில் 350 கிராம். தயிராகக் கடையும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் மோரோடு போய்விடும். வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். கூட்டிக் கழித்தால் 350 முதல் 375 கிராம் வெண்ணெய். 4 விழுக்காடு கொழுப்புள்ள பசும்பாலில் இதே ஐந்து லிட்டருக்கு 200 கிராமை ஒட்டித்தான் வரும். இதைவிட மிகவும் குறைந்தால் மோரைத் தொட்டுப் பாருங்கள்: விரலில் வழவழப்பு ஒட்டினால் வெண்ணெய் மோரிலேயே தங்கிவிட்டது. வெள்ளாட்டுப் பாலில் முயல வேண்டாம். அதன் கொழுப்பு உருண்டைகள் மிகச் சிறியவை, ஏடாக மேலே எழுவதே சிரமம். பாக்கெட் பாலும் அநேகமாக அப்படித்தான். கொழுப்பை இயந்திரத்தில் பொடித்துக் கலந்திருப்பார்கள்.

அடுத்து சீஸ். நம் பக்கத்தில் ரென்னெட் (புளிப்பில்லாமல் பாலை உறைய வைக்கும் நொதி) விட்டுச் செய்கிற பாலாடைக்கட்டிப் பழக்கம் இருந்ததில்லை. அதற்கு மிக நெருங்கிய நம் பண்டம் சீம்பால். கன்று ஈன்ற முதல் இரண்டு நாள் பாலில், சூடு பட்டால் தானாக இறுகும் புரதம் ஏராளம். அதனால் புளிப்பும் வேண்டாம், ரென்னெட்டும் வேண்டாம். கருப்பட்டியும் ஏலமும் கலந்து இட்லிப் பானையில் இருபது நிமிடம் அவித்தால் கட்டியாகிவிடும். மூன்றாம் நாள் பால் என்றால் இளகலாகத்தான் நிற்கும். கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சியதைத்தான் கறக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் பன்னீர் உதிர்ந்ததற்குக் காரணம், பால் தளதளவென்று கொதிக்கும்போதே எலுமிச்சை பிழிந்திருப்பீர்கள், அதுவும் அதிகமாக. கொதிக்கும் பாலில் புளிப்பு விழுந்தால் புரதம் சட்டென்று சுருங்கித் தண்ணீரை எல்லாம் கக்கி ரப்பர் துணுக்குகளாகிவிடும். பாலைக் கொதிக்கவிட்டு இறக்கி, மூன்று நான்கு நிமிடம் ஆற்றி, 75, 80 டிகிரியில் புளிப்பு விட வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலத்தை 200 மில்லி வெந்நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கரண்டியை ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லத் தள்ளுங்கள். பிரிந்த தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்ததும் நிறுத்துங்கள்; மீதிக் கரைசல் மிஞ்சட்டும். முந்தின நாள் பன்னீர்த் தண்ணீரைப் புளிக்கவைத்து விட்டால் இன்னும் மென்மையாக வரும். எலுமிச்சை வாடையும் இருக்காது. தண்ணீர் பால்போல் வெளுத்தே இருந்தால் புளிப்புப் போதவில்லை, அல்லது பால் ஆறிவிட்டது. ஐந்து நிமிடம் அசைக்காமல் விட்டு, துணியில் வடித்து, இரண்டு மூன்று கிலோ பாரத்தில் அரை மணி நேரம், பிறகு குளிர்ந்த குடிநீரில் இரண்டு மணி நேரம். எருமைப்பாலில் லிட்டருக்கு 200 கிராமைத் தொடும், பசும்பாலில் 150-ஐச் சுற்றி.

ரென்னெட் சீஸ் செய்து பார்க்க ஆசை என்றால் நம் ஊர்ச் சூடு உதவுகிற ஒரே இடம் அதுதான். குளிர்ந்த நாட்டில் பாலை 32, 34 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்த வெந்நீர்த் தொட்டியோடு மல்லுக்கட்டுவார்கள். இங்கே பாத்திரத்தை மூடி நிழலில் வைத்தால் போதும். கடையில் சைவ ரென்னெட் வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பன்னீர்ப்பூவுக்கும் பாலை உறைய வைக்கும் குணம் உண்டு, ஆனால் அதன் வீரியம் கைக்குக் கை மாறும், கசப்பும் ஏறும். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

ஐந்து லிட்டர் பசும்பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, 34-க்கு ஆற்றுங்கள். கொதிக்க விட்டால் ரென்னெட் பிடிக்காது. மாதக் கணக்கில் கெடாத பெட்டிப் பாலும் பிடிக்காது. புளிக்காத புதுத் தயிர் 50 மில்லி கலந்து முக்கால் மணி நேரம். பிறகு ரென்னெட்டைச் சீட்டில் உள்ள அளவுப்படி, குளோரின் வாடை இல்லாத ஆறிய நீரில் கரைத்து, ஒரு நிமிடம் கலக்கி, கையை எடுத்துவிடுங்கள். அதன் பின் பாத்திரத்தை நகர்த்தினால்கூட உள்ளே விரிசல் விழும். முக்கால் மணி கழித்து விரலைச் சாய்வாக விட்டுத் தூக்குங்கள். தயிர் சுத்தமாகப் பிளந்து, பிளவில் தெளிந்த நீர் ஊறினால் பதம். கூழ்போல் ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம். ஒன்றரை சென்டிமீட்டர் கட்டங்களாக வெட்டி, ஐந்து நிமிடம் விட்டு, அரை மணி நேரத்தில் 38 டிகிரிக்கு மெல்ல ஏற்றிக்கொண்டே கிளறுங்கள். சூட்டை அவசரமாக ஏற்றினால் கட்டிகளின் வெளிப்பக்கம் தோல்போல் இறுகி, உள்ளே தண்ணீர் மாட்டிக்கொள்ளும். அந்த சீஸ் புளித்துப் பிசுபிசுக்கும். வடித்து, எடையில் 2 விழுக்காடு உப்புக் கலந்து, துணி விரித்த துளைப் பாத்திரத்தில் முதலில் ஐந்து கிலோ, பிறகு பத்து கிலோ பாரம், ஓர் இரவு. அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கிடைக்கும்.

இதை மாதக் கணக்கில் முதிர வைக்கலாமா என்று கேட்பீர்கள். அதற்கு 10 முதல் 13 டிகிரி வரை குளிர்ந்த அறை வேண்டும். இங்கே பரணில் வைத்தால் சீஸ் முதிராது, வியர்க்கும். இரண்டாம் நாளே ஈ மொய்க்கும். லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பைக் கரைத்து, மண் படியவிட்டு, துணியில் வடித்துக் கொதிக்கவைத்து ஆற்றிய உப்புநீரில் துண்டுகளை மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சில வாரம் நிற்கும். தின்னும் முன் வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை இறக்கிக்கொள்ளலாம்.

இனி ஐஸ்கிரீம். கடல் தண்ணி ஊற்றியது நல்ல யோசனை மாதிரித் தெரியும், கணக்குத்தான் உதைக்கிறது. கடல் நீரில் உப்பு 3.5 விழுக்காடு, அது ஐஸோடு சேர்ந்தால் அதிகபட்சம் மைனஸ் 2 டிகிரி வரைதான் குளிரும். சர்க்கரை போட்ட பாலோ மைனஸ் இரண்டரை, மூன்றில்தான் உறையவே தொடங்கும். விடிய விடியச் சுழற்றினாலும் உறையாது. உப்பு 23 விழுக்காட்டை எட்டும்போதுதான் கலவை மைனஸ் 21 வரை இறங்கக்கூடும். ஐஸ் மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு என்று எடை போட்டுக் கலந்தால் நடைமுறையில் மைனஸ் 10, 15 கிடைக்கும். 1843-ல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் காப்புரிமை பெற்ற கைச்சுற்று இயந்திரம் இந்த ஐஸ்-உப்புக் கலவையைத்தான் மரவாளிக்குள் வைத்தது. உப்பு ஐஸைக் குளிர்விப்பதில்லை, உருக வைக்கிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை ஐஸ் பக்கத்தில் இருக்கும் பாலிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. அதனால் வாளியில் தண்ணீர் சேர்வதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

உப்புக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? வாலிநோக்கம் உப்பளத்து உப்பே போதும். பொடியுப்பு கூடாது, கட்டிதட்டி அடியில் படிந்துவிடும். கல்லுப்பு ஐஸ் துண்டுகளுக்கு இடையில் நின்று மெல்லக் கரையும். பார் ஐஸைக் கோணிக்குள் போட்டு மரக்கட்டையால் தட்டி நெல்லிக்காய் அளவுக்கு உடையுங்கள். பெரிய துண்டு பாத்திரத்தைச் சரியாகத் தொடாது, தூளோ பத்து நிமிடத்தில் போய்விடும். ஒரு லிட்டர் கலவைக்கு, சுழற்ற நான்கு கிலோ, பிறகு இறுக வைக்க இரண்டு மூன்று கிலோ. உப்பு மொத்தம் இரண்டு கிலோ. உண்மையில் ஒரு லிட்டரை உறைய வைக்க உருக வேண்டிய ஐஸ் அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். மிச்சமெல்லாம் உப்புநீரையும் வாளியையும் நம் ஊர்க் காற்றையும் குளிர்விக்கப் போகிறது. ஆகவே ஐஸைக் கூட்டுவதைவிட வாளியைச் சுற்றி இரண்டு மடிப்புச் சாக்கு கட்டி, நிழலில் வைப்பது பலன் தரும்.

இயந்திரம் தேவையில்லை. இரண்டு லிட்டர் எவர்சில்வர் தூக்கு, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பதினைந்து இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி. ஒரு லிட்டர் எருமைப்பாலை முக்கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சி, 10 கிராம் கூவைக்கிழங்கு மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்துவிட்டு ஒரு கொதி. சர்க்கரை 150 கிராம். கூட்டினால் உறைவதே தாமதமாகும், குறைத்தால் பாறையாகும். ஆறியதும் ஏடு 150, 200 கிராம் கலந்து வடிகட்டி, குறைந்தது நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தால் என்ன ஆகும் தெரியுமா? வெதுவெதுப்பான கலவையை வேகமாகச் சுழற்றினால் நாம் மேலே பார்த்த அதே கதை: வெண்ணெய் திரண்டு நாக்கில் மெழுகுபோல் ஒட்டும்.

கருப்பட்டி போடுவதென்றால் 160 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் பாகாக்கி மணல் போக வடித்து, பாகும் பாலும் முழுக்க ஆறிய பிறகே சேருங்கள். சூட்டில் சேர்த்தால் பால் திரியும். நுங்கு போட ஆசைப்பட்டால் இளசு வேண்டாம், அது வெறும் தண்ணீர். ஐஸ் கல்லாகப் பல்லில் தட்டும். சற்று முற்றியதைப் பொடியாக நறுக்கிச் சர்க்கரையில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நீரை வடித்து, கடைசியில் கலக்க வேண்டும்.

தூக்கில் பாதிக்குச் சற்று மேல் கலவை. வாளி அடியில் நான்கு விரல் ஐஸ், ஒரு கைப்பிடி உப்பு, தூக்கை நிறுத்தி, சுற்றிலும் ஐஸும் உப்புமாக மாற்றி மாற்றி அடுக்குங்கள். உங்கள் கடல் தண்ணிக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. ஒரு சொம்பு விட்டால் உப்பு சீக்கிரம் கரையத் தொடங்கும். உப்புநீர் மட்டம் மூடிக்கு மூன்று விரல் கீழேயே நிற்க வேண்டும். வாளியில் அந்த உயரத்தில் ஒரு துளை போட்டுவிட்டால் கவலையில்லை. தூக்கின் காதைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்து — துடைத்த பிறகுதான் — திறந்து, ஓரத்தில் உறைந்ததை மரக்கரண்டியால் சுரண்டி நடுவுக்குத் தள்ளி அடித்துவிடுங்கள். இந்தச் சுரண்டல்தான் ஐஸ் மணிகளைப் பொடியாக வைக்கிறது, சோம்பல்பட்டால் நறநறக்கும். ஓரம் கல்லாக இறுகி நடு தண்ணீராகவே இருந்தால் உப்பு கூடிவிட்டது, ஐஸ் சேருங்கள். முப்பது நிமிடம் ஆகியும் ஓரத்தில் மெல்லிய படலம்தான் என்றால் உப்பு போதவில்லை.

நாற்பது நிமிடத்துக்குள் கரண்டி நிற்கிற பதம் வரும். தின்னலாம், ஆனால் நம் வெயிலில் கிண்ணத்தில் வைத்த கையோடு ஓடிவிடும். உப்புநீரை வடித்து, புது ஐஸும் உப்பும் அழுத்திப் போட்டு, மூடிமேலும் ஐஸ் வைத்துச் சாக்கால் போர்த்தி இரண்டு மணி நேரம் விடுங்கள்.

வடித்த உப்புநீரை முருங்கை மூட்டில் ஊற்றிவிடாதீர்கள். அகலத் தாம்பாளத்தில் மொட்டைமாடியில் வைத்தால் நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் உப்பு மறுபடி கட்டும். மீன் ஐஸ் தண்ணீர் கலந்த உப்பு அது, சமையலுக்கு ஆகாது. தனி டப்பாவில் போட்டு அடுத்த ஐஸ்கிரீமுக்கு வைத்துக்கொள்ளலாம்.